முதலில் கல், பிறகு யாலா: லாங்டாங் நாட்குறிப்பு

நாள் 1, காட்மாண்டு

2017 நவம்பர். ஆறு பேர், பதினைந்து நாள். முதல் பாதி, 2015 நிலநடுக்கத்தில் அழிந்து மறுபடி எழும் நேபாள மலையூரான லாங்டாங்கில் தொண்டாகக் கல் சுமக்கும் வேலை, அடுத்த பாதி அதே பள்ளத்தாக்கில் யாலா என்ற பனிச் சிகரம். இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம். காரணங்கள் இரண்டு. லாங்டாங் ஊர் 3,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நான்கைந்து நாள் தங்கி உடல் வேலை செய்தாலே மேலே ஏறுவதற்கான உயரப் பழக்கம் பாதி கிடைத்துவிடும். மலையை முதலில் ஏறிவிட்டுத் தொண்டுக்குப் போகலாம் என்று திட்டமிட்டால், இறங்கி வரும்போது முழங்காலும் இருமலும் சேர்ந்து எல்லாரையும் படுக்க வைத்துவிடும். ஊர்க்காரர்கள் நமக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டிய நிலை வரும்.

என்ன கொண்டுபோகிறோம் என்பதைவிட என்ன கொண்டுபோகவில்லை என்பது முக்கியம். பழைய துணி இல்லை, பிஸ்கட் மூட்டை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் லாரி லாரியாக வந்த பழைய துணி தெருவோரம் குவிந்து மழையில் மக்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கேட்டது மட்டும்தான் போக வேண்டும். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஊர்க் குழுவிடம் கேட்டு வாங்கிய பட்டியல் இது: 12 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கட்டுக் கம்பி, நீளக் கைப்பிடி குறடு நான்கு, தோல் கையுறை பதினைந்து ஜோடி, மண் வடிகட்டும் ஜியோ துணி ஒரு சுருள், தகர ஷீட்டுக்கான வாஷர் வைத்த ஆணி. எல்லாமே காட்மாண்டுக் கடைகளில் கிடைக்கிறது. சென்னையிலிருந்து சுமந்து வந்தால் விமானக் கூடுதல் எடைக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே இரண்டு மடங்கு வாங்கலாம்.

பணம்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான விகிதம். 2017-இல் நம் 100 ரூபாய் நோட்டுக்கு மேற்பட்டது இங்கே செல்லவில்லை. பையில் இருந்த புது 500-ம் 2,000-மும் பையிலேயே இருந்தன. மலைக்குள் ஏ.டி.எம். கிடையாது. முழுத் தொகையையும் நேபாள ரூபாயாக, சில்லறையாக, இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். இந்தியருக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2017-இல் சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய், வரி தனி.

கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது. தமேல் கடைவீதியில் 230 கிராம் குப்பி வாங்கினோம். குலுக்கிப் பார்த்து, எடை போட்டு வாங்குங்கள். பாதி காலியான குப்பியில் மறுபடி நிரப்பி விற்பதும் உண்டு. மறுநிரப்புக் குப்பி குளிரில் திணறும்.

காப்பீடு: நம்மூர்ப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ‘கயிறு, கோடரி பயன்படுத்தும் மலையேற்றம் நீங்கலாக’ என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். ஹெலிகாப்டர் மீட்பும் 6,000 மீட்டர் வரையிலான உயரமும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். டெட்டனஸ் ஊசி கிளம்பும் முன்பே போட்டிருக்க வேண்டும். கம்பி வலை வேலையில் கை கிழியாமல் இருக்காது.

நாள் 2, சியாப்ரு பேசி (சுமார் 1,500 மீ)

காட்மாண்டின் மச்சாபோக்கரி நிறுத்தத்திலிருந்து காலை ஏழு மணிக்குள் பேருந்து. திரிசூலி வரை தார்ச்சாலை, அதற்குமேல் தூசியும் குலுக்கலும். துன்சேயில் ராணுவத்தினர் ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கிறார்கள். கம்பிச் சுருளும் குறடும் எதற்கு என்று கேட்பார்கள். ஊர்க் குழு கொடுத்த நேபாளிக் கடிதம் ஒரு நகல் கையில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

வழியில் பல ஊர்களில் இன்னும் தகரக் கொட்டகைதான். இந்த ரசுவா மாவட்டத்தில் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளில் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றவை மிகக் குறைவு. ஏன் நிற்கவில்லை என்பதை நாள் 5-இல் எழுதுகிறோம், அங்கே ஒரு சுவரைக் கிட்டத்தில் பார்க்கப் போகிறோம்.

நாள் 3, லாமா ஹோட்டல் (சுமார் 2,450 மீ)

ஏழு மணி நேர நடை, 950 மீட்டர் ஏற்றம். லாங்டாங் கோலா ஆற்றை ஒட்டியே பாதை. வழியில் ஒரு தங்குமிடத்துக்குப் பெயரே பைரோ. நேபாளியில் பைரோ என்றால் நிலச்சரிவு. பெயரே எச்சரிக்கை. அந்தப் பகுதியில் உட்கார்ந்து தேநீர் குடிக்காமல், இடைவெளி விட்டு, விரைந்து கடக்க வேண்டும். தலைக்கு மேலே லங்கூர் குரங்கு ஓடினாலும் கல் உருளும்.

கோவேறு கழுதைகள் வரும்போது எப்போதும் மலைப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றவர்களைச் சுமை இடித்துத் தள்ளியது பல முறை நடந்திருக்கிறது.

நாள் 4, லாங்டாங் (3,430 மீ)

கோடாதபேலா (3,030 மீ) வரை காடு. அதன் பிறகு பள்ளத்தாக்கு விரிகிறது. ஒரே நாளில் தூங்கும் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர் கூடுவது இந்தப் பாதையின் பெரிய குறை. 3,000 மீட்டருக்கு மேல் நாளுக்கு 300 முதல் 500 மீட்டர்தான் கூட்ட வேண்டும் என்பது பொது விதி. முடிந்தவர்கள் கோடாதபேலாவில் ஓர் இரவு தங்குங்கள். நாங்கள் அப்படிச் செய்யாததால், நேற்று இரவிலிருந்தே உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு 125 மி.கி. காலையும் இரவும் எடுக்கிறோம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இந்த மருந்தின் இயல்பு, பயப்பட வேண்டாம். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மருந்தை நம்பி இருக்கக் கூடாது, இறங்க வேண்டும்.

ஊருக்குச் சற்று முன்னால் பாதை கற்குவியலின் மேல் ஏறுகிறது. அதன் அடியில்தான் பழைய லாங்டாங் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 பகல் 11:56-க்கு, கோர்க்கா மாவட்டத்தில் மையம் கொண்டு 7.8 அளவில் நிலம் அதிர்ந்தபோது, லாங்டாங் லிருங் (7,227 மீ) சரிவிலிருந்து பனியும் பனிப்பாறையும் கல்லும் ஒன்றாக உடைந்து விழுந்தன. அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பனி பெய்து மேலே தேங்கியிருந்தது. ஊருக்கு மேலே செங்குத்துப் பாறை. அதன் விளிம்பிலிருந்து அவ்வளவும் காற்றில் பாய்ந்து இறங்கியதால் முன்னால் தள்ளப்பட்ட காற்றே ஓர் அலையாக அடித்தது. ஆற்றுக்கு அக்கரைச் சரிவைப் பாருங்கள்: மரங்கள் ஒரே திசையில் தலைசாய்த்துப் படுத்திருக்கின்றன. கல் அங்கே போகவில்லை, காற்று மட்டும் போனது. ஊர்க்காரர்கள், வழிகாட்டிகள், பயணிகள் என்று 300 பேருக்கு மேல் இங்கே இறந்தார்கள். பலரின் உடல் கிடைக்கவில்லை. பாறைக் குடைவின் அடியில் ஒட்டிக் கட்டப்பட்டிருந்த ஒரு வீடு மட்டும் தப்பி நிற்கிறது.

ஆகவே அந்தக் கற்பரப்பு ஓர் இடுகாடு. அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுவது, ஒதுங்கப் போவது, சிரித்துப் படம் எடுப்பது எதுவும் கூடாது. ஊரில் யாரிடமும் ‘அன்றைக்கு என்ன நடந்தது’ என்று நாமாகக் கேட்கவும் கூடாது. அவர்கள் சொல்ல நினைத்தால் சொல்வார்கள். வழியில் மணிச் சுவர்கள் வரும், மந்திரம் செதுக்கிய கற்பலகை அடுக்கியவை. அவற்றை வலக்கைப் பக்கம் வைத்தபடி கடக்க வேண்டும்.

ஆண்களைத் தாஜு என்றும் பெண்களைத் தீதி என்றும் கூப்பிட்டால் போதும். நம் அண்ணன், அக்கா போலத்தான்.

நாள் 5, லாங்டாங்

ஓய்வு நாள். கனமான வேலை இல்லை. காலையில் மிஸ்திரியுடன் இடத்தைப் பார்த்தோம். இங்கேயும் கொத்தனார்களின் தலைவர் மிஸ்திரிதான், நம் மேஸ்திரிக்கு ஒரு மாத்திரை குறைவு.

முதலில் வீட்டுச் சுவர். பழைய சுவர்கள் விழுந்ததற்குக் கல்லும் களிமண்ணும் மட்டும் காரணம் அல்ல. ஒன்றரை அடி தடிமன் சுவரை வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை என்று இரண்டு தோலாகக் கட்டி, நடுவில் சில்லுக் கல்லைக் கொட்டி நிரப்புவார்கள். அதிர்வு வரும்போது இரண்டு தோலும் தனித்தனியாக வயிறு தள்ளி, எதிரெதிர்த் திசையில் சரிகின்றன. இப்போது கட்டும் முறையில் சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே போகும் நீளக் கல் வைக்கிறார்கள். மேல்நோக்கி 60 செ.மீ.க்கு ஒன்று, பக்கவாட்டில் 1.2 மீட்டருக்கு ஒன்று. அடித்தளத்தில், ஜன்னல் அடியில், கதவு ஜன்னல் தலைக்கு மேல், கூரை அடியில் என்று நான்கு இடத்தில் வீட்டைச் சுற்றி மரச் சட்டத்தாலோ கான்கிரீட்டாலோ ஒரு பட்டை ஓடுகிறது. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கு அரசு அப்போது மூன்று தவணையாகக் கொடுத்த 3 லட்சம் நேபாள ரூபாய்க்கு இவையெல்லாம் நிபந்தனையாக இருந்தன. அடுத்த தவணை வர வேண்டுமானால் பொறியாளர் வந்து பார்த்து ஒப்ப வேண்டியிருந்தது.

நம்மைப் போன்றவர்கள் இந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது. உணர்ச்சிவசப்பட்டு ‘வீடு கட்டித் தருகிறோம்’ என்று வருபவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும். குறுக்குக் கல்லை நாம் ஒரு முறை மறந்தால், அடுத்த நிலநடுக்கத்தில் ஒரு குடும்பத்தின் மேல் அது விழும். கூலி வாங்கும் கொத்தனாரின் வேலையைப் பறிப்பதும் தவறு. இன்னொன்று, நவம்பரில் இங்கே இரவு உறைபனி. ஈரக் களிமண் சாந்தில் நீர் உறைந்து விரிந்தால், வெயில் வந்ததும் சாந்து பொலபொலவென்று உதிரும். சுவர் வேலை அடுத்த வசந்தத்துக்குத்தான்.

சாந்தே இல்லாத வேலை, உறைபனி தொடாத வேலை, ஆள்பலம் மட்டும் கேட்கும் வேலை ஒன்று இருக்கிறது. கம்பி வலைப் பெட்டிக்குள் கல் நிரப்பும் தடுப்புச் சுவர். ஆங்கிலத்தில் கேபியன், இங்கே தார்ஜாலி. வீடுகளுக்குப் பின்னால் பாதை சரியும் ஓரிடத்தில் 12 மீட்டர் நீளத்துக்கு வைக்க வேண்டும். அடிமண்ணை ஊர்க்காரர்களே அரை மீட்டர் ஆழம் தோண்டி, இறுகிய நிலம் வரை போயிருந்தார்கள். அடித்தளம் மலைப் பக்கம் சற்றே சாய்ந்திருந்தது, ஒரு மீட்டருக்குப் பத்து செ.மீ. கணக்கில். மட்டமாக வைத்தால் பின்னாலுள்ள மண் தள்ளும்போது வெளியே சாய ஆரம்பிக்கும்.

நாள் 6, லாங்டாங்

பெட்டி ஒன்று 2 மீட்டர் நீளம், 1 அகலம், 1 உயரம். வலை 10 கேஜ் கம்பி (3.25 மி.மீ.), விளிம்பு அதைவிடத் தடித்தது, தைக்கும் கம்பி 12 கேஜ் (2.64 மி.மீ.). அறுகோணக் கண், ஏறக்குறைய 10-க்கு 12 செ.மீ. மடித்த பெட்டியின் எடை 20 கிலோவுக்கு மேல். கோவேறு கழுதை ஒன்றுக்கு இரண்டு.

செய்முறை இது. மடிப்பைப் பிரித்து, காலால் மிதித்துச் சுருக்கம் எடுத்து, நான்கு பக்கத்தையும் நிமிர்த்தி, மூலைகளைத் தைக்க வேண்டும். தையல் என்றால் கம்பியை ஒரு கண்ணில் ஒற்றைச் சுற்று, அடுத்த கண்ணில் இரட்டைச் சுற்று என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு சுற்றையும் குறடால் இழுத்து இறுக்குவது. அவசரத்தில் ஒற்றைச் சுற்றாகவே ஓட்டிவிட்டால், ஓரிடத்தில் கம்பி அறுந்ததும் முழுத் தையலும் பிரியும். நடுவில் ஒரு தடுப்பு வலை உண்டு, அதையும் அதே போல் தைக்க வேண்டும். பிறகு பெட்டியின் முனையைக் கடப்பாரையில் கோத்து இழுத்து விறைப்பாக்கி, அப்படியே அடுத்த பெட்டியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். தொய்வான வலைக்குள் எவ்வளவு நல்ல கல் போட்டாலும் பயனில்லை.

கல்: 15 முதல் 25 செ.மீ. வலைக் கண்ணைவிடச் சிறியது வெளியே விழும். ரொம்பப் பெரியது இடைவெளி விடும். முகப்பில் தட்டையான முகம் வெளியே பார்க்க, கல் சுவர் போலவே ஒவ்வொன்றாகக் கையால் அடுக்க வேண்டும். நடுவில் மட்டும் ஒழுங்கற்ற கல். ஆற்றங்கரை உருண்டைக் கல் உருளும், பூட்டாது. இந்தப் பள்ளத்தாக்கின் ‘நைஸ்’ (gneiss) என்ற கடினமான உருமாற்றப் பாறை நல்லது. சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று மணி போல் ஒலிப்பதை எடுங்கள். ‘டொப்’ என்று ஒலிப்பது உள்ளே விரிசல் விட்டது, ஒரு குளிர்காலத்தில் பிளந்துவிடும்.

எந்தக் கல்லையும் ஊரார் காட்டிய குவியலிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இடிந்த வீட்டுக் கல் அந்த வீட்டாருடையது. எழுத்துச் செதுக்கிய ஒரு துண்டு கண்ணில் பட்டால்கூட ஒதுக்கி வைத்துவிட்டு மிஸ்திரியைக் கூப்பிட வேண்டும். இன்று மாலை அப்படி ஒன்று வந்தது. உள்ளங்கை அகலத் துண்டு, அதில் இரண்டே எழுத்து. ஒரு தீதி அதை முந்தானைத் துணியால் துடைத்து, நெற்றியில் தொட்டு, எடுத்துப் போனார்.

கணக்கு: பெட்டியின் கொள்ளளவு 2 கன மீட்டர். கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி போக மூன்று டன்னுக்கு மேல் கல். ஊர்க்காரர்கள் டோக்கோ கூடையில் நெற்றிப் பட்டை போட்டு 40 கிலோ தூக்குகிறார்கள். நமக்கு அந்தக் கழுத்து இல்லை. 20 கிலோவுக்கு மேல் முயல வேண்டாம். ஆளுக்கு 20 என்றால் ஒரு பெட்டிக்கு 160 நடை. அதனால் நடப்பதைவிட, குவியலிலிருந்து பெட்டி வரை ஒன்றரை மீட்டருக்கு ஓர் ஆளாக நின்று கை மாற்றுவதுதான் விரைவு. அதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஊரிலிருந்து ஆறு பேர் சேர்ந்தார்கள். கல்லை வாங்கியவர் ‘ஹோ’ என்ற பிறகே கொடுத்தவர் கையை விட வேண்டும். விரல் நசுங்குவது எல்லாமே இந்த ஓர் இடத்தில்தான்.

மொழிக் குறிப்பு ஒன்று. மிஸ்திரி ‘கல்’ என்று கேட்டால் கல்லை நீட்டாதீர்கள். நேபாளியில் அது கடப்பாரை. கல் வேண்டுமானால் ‘டுங்கா’ என்பார்.

இன்று ஒரு பெட்டி.

நாள் 7, லாங்டாங்

நேற்றுப் போட்ட பெட்டியின் முகப்பு காலையில் கையளவு வயிறு தள்ளியிருந்தது. காரணம் தெளிவு. குறுக்கு இழுவைக் கம்பி ஒரு வரிசைதான் போட்டிருந்தோம், இரண்டு வேண்டும். ஒரு மீட்டர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் முகப்பு வலையையும் பின் வலையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, நடுவில் குச்சி விட்டு முறுக்கி விறைப்பாக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் இன்னொரு முறை. கம்பி இரண்டு கண்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரே கண்ணில் கட்டினால் அந்தக் கண் மட்டும் கிழியும்.

பாதி கல்லை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினோம். மூன்று மணி நேரம். வயிறு தள்ளிய பெட்டியை அப்படியே விட்டு அதன்மேல் இன்னொன்று ஏற்றுவதுதான் மலைச் சாலைகளில் நாம் பார்க்கும் சரிந்த கேபியன்களின் கதை. பிரிக்க மனம் வர வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால் ஜியோ துணி. அது இல்லையென்றால் மழை நீர் பின்னாலுள்ள பொடி மண்ணைக் கல் இடுக்கு வழியே கழுவிக்கொண்டு போகும். சுவர் நிற்கும், பின்னால் பாதை உள்வாங்கும். துணி இல்லாவிட்டால் ஒரு முழம் அகலத்துக்குச் சிறு ஜல்லி.

நிரப்பும்போது மேலே மூன்று விரல் அளவு கூடுதலாகக் குவிக்க வேண்டும். சில நாளில் கல் இறங்கும். மூடியைக் கடப்பாரையால் இழுத்து நான்கு பக்கமும் தைத்தால் முடிந்தது. இன்று இரண்டு பெட்டி, பழையதைச் சரிசெய்தது தனி.

தண்ணீர் நாளுக்கு நான்கு லிட்டர். இரண்டு வேளை டால் பாத் (பருப்பும் சோறும்). மதியத்துக்குமேல் பள்ளத்தாக்குக் காற்று எழுந்து தூசி கிளப்புவதால் என்95 முகமூடி போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் இந்தத் தூசி இருமல் மேலே 5,000 மீட்டர் வரை கூடவே வரும்.

நாள் 8, லாங்டாங்

இரண்டு பெட்டி. கை பழகிவிட்டது. ஒருவருக்குக் கட்டைவிரல் கிழிந்து மூன்று ஒட்டுப் பட்டை. கம்பி நறுக்கும்போது நறுக்குகிற முனையைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முகத்துக்குத் தாவும்.

நாள் 9, லாங்டாங்

மதியத்துக்குள் கடைசிப் பெட்டி. பிறகு ஒரு வீட்டுக் கூரையில் தகர ஷீட் போடும் வேலைக்கு ஷீட் தூக்கிக் கொடுத்தோம். மூன்று விஷயம் கவனித்தோம். இங்கே பகல் காற்று மேற்கிலிருந்து பள்ளத்தாக்கு ஏறி வருவதால், முதல் ஷீட்டைக் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கு நோக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள். மாற்றிப் போட்டால் காற்று இணைப்பின் வாய்க்குள் புகுந்து ஷீட்டைக் கழற்றும். ஆணி எப்போதும் அலையின் மேட்டில், பள்ளத்தில் அல்ல, ஏனென்றால் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். மேடு நசுங்கும்வரை அடித்தால் வாஷர் பிளந்து அங்கே ஒழுகும். வாஷர் தகரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும்.

நாள் 10, கியான்ஜின் கோம்பா (3,870 மீ)

மூன்று மணி நேர எளிய நடை. இங்கே 1950-களில் சுவிஸ் உதவியில் தொடங்கிய யாக் பாற்கட்டி ஆலை இருக்கிறது. வாங்குங்கள். விடுதியில் சாப்பிடுவதும் உள்ளூர் வழிகாட்டிக்கு முழுக் கூலி கொடுப்பதும் இந்தப் பள்ளத்தாக்குக்கு நாம் தூக்கிய கல்லைவிடப் பெரிய உதவி.

யாலாவுக்கு இரண்டு உள்ளூர் வழிகாட்டிகள். கருவிகளை இன்றே எடுத்துச் சரிபார்த்தோம். ஆளுக்கு: விறைப்பான அடி கொண்ட பூட்ஸ், அதற்கு அளவு வைத்த கிராம்பான் (பூட்ஸ் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்), 60 செ.மீ. பனிக்கோடரி, ஹார்னஸ் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டை), பூட்டுள்ள காரபீனர் (கொக்கி வளையம்) இரண்டு, ப்ருசிக் கயிறு (பெரிய கயிற்றில் சுற்றிப் பிடிக்கும் சிறு கயிறு) இரண்டு, தலைக்கவசம், தலைவிளக்கு. பொதுவில் நீர் புகாத 50 மீட்டர் கயிறு இரண்டும், கயிறு கட்டப் பனியில் அடித்து இறக்கும் ஸ்னோ பார் நான்கும். வாடகைக் கிராம்பானில் பெரும்பாலும் பட்டையின் கொக்கி தேய்ந்திருக்கும். போட்டுக்கொண்டு ஒற்றைக் காலை உதறிப் பாருங்கள், நகர்ந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நாள் 11, கியான்ஜின் ரீ (4,773 மீ), திரும்பவும் கோம்பா

உயரப் பழக்கத்துக்காக ஏறி இறங்கும் நாள். ‘உயரம் போ, தாழ வந்து தூங்கு.’ லாங்டாங்கில் ஆறு இரவு தங்கியதன் பலன் இங்கே தெரிந்தது. ஆறு பேரில் யாருக்கும் தலைவலி இல்லை. ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். விரல் குளிர்ந்திருந்தாலே எண் பொய் சொல்லும். பசி எப்படி, தூக்கம் எப்படி, நேர்க்கோட்டில் நடக்க முடிகிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்பது மேல்.

மாலையில் புல்சரிவில் கோடரி பிடித்து விழுந்து நிறுத்தும் பயிற்சி. கூர்முனை தோளுக்கு அருகில், கைப்பிடி மார்புக்குக் குறுக்காக, முழு உடல் எடையும் கோடரித் தலையின் மேல். கிராம்பான் போட்டிருக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்க வேண்டும். பல் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், உடல் தலைகீழாகப் புரளும்.

நாள் 12, யாலா முகாம் (சுமார் 4,800 மீ)

ஐந்து மணி நேரம். மேய்ச்சல் கொட்டகைகளைக் கடந்து ஏறும் இந்தச் சரிவே ஒரு பழைய மலைச்சரிவின் எச்சம். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருமலை இங்கே உடைந்து சரிந்திருக்கிறது. உராய்வின் சூட்டில் பாறை உருகிக் கண்ணாடியாக உறைந்த துண்டுகளை நிலவியலாளர்கள் இங்கே கண்டெடுத்திருக்கிறார்கள். 2015-ஐ இந்தப் பள்ளத்தாக்கின் முதல் சரிவு என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

4,800 மீட்டரில் தண்ணீர் 84 டிகிரி அளவிலேயே கொதிக்கும். அரிசி எளிதில் வேகாது, பருப்பு பற்றி நினைக்கவே வேண்டாம். அவல்தான் சரி. வெந்நீரை ஊற்றி மூடி வைத்து, உப்பும் ஊறுகாயும். பனி உருக்க இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு 230 கிராம் குப்பி என்று கணக்கு வையுங்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போட வேண்டும், வெறும் பனியை வைத்தால் அடி கருகும். குப்பியையும் பூட்ஸின் உள்ளுறையையும் தூக்கப் பைக்குள் வைத்துப் படுக்க வேண்டும்.

நாள் 13, யாலா சிகரம்

அதிகாலை 3:30-க்குக் கிளம்பினோம். முதல் இரண்டரை மணி நேரம் கற்சரிவு. பனியாற்றின் விளிம்பில் கிராம்பான், கயிறு. ஒரு கயிற்றுக்கு நால்வர். 50 மீட்டரில் ஆளுக்கு ஆள் 11 மீட்டர் இடைவெளி போக மீதி 17-ஐ இரு முனையில் இருப்பவர்களும் எட்டெட்டாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். பிளவில் விழுந்தவரை மீட்க அதுதான் உதவும். நடுவில் இருவருக்கும் பட்டர்ஃபிளை முடிச்சு, முனைகளில் எட்டு முடிச்சு. கயிறு பனியை லேசாகத் தொட்டபடி ஓட வேண்டும். கையில் சுருட்டிப் பிடித்தபடி நடப்பவர் விழுந்தால் அந்த இரண்டு மீட்டர் தளர்வே எல்லாரையும் இழுத்துவிடும்.

பனியாறு சாதுவானது. சரிவு 30 டிகிரி அளவுதான், கடைசி முகடு மட்டும் கொஞ்சம் செங்குத்து. அங்கே வழிகாட்டிகள் ஸ்னோ பார் அடித்துக் கயிறு கட்டினார்கள். இந்தப் பனியாற்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களிலிருந்தும், காட்மாண்டில் உள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனத்தார் 2011-இலிருந்தும் அளந்து வந்திருக்கிறார்கள். பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. பழைய வழிகாட்டிக் குறிப்புகளில் ‘இங்கே பனி தொடங்கும்’ என்று எழுதியிருக்கும் இடம் இப்போது வெறும் கல்.

8:40-க்கு உச்சி. ஜிபிஎஸ் 5,500-க்குச் சற்று மேல் காட்டியது. சில பட்டியல்களில் 5,732 என்று போட்டிருப்பார்கள், அதை வைத்து நேரக் கணக்குப் போட வேண்டாம். வடகிழக்கே திபெத்துக்குள் ஷிஷாபங்மா (8,027 மீ), தென்கிழக்கே டோர்ஜே லாக்பா, மேற்கே லாங்டாங் லிருங். லிருங்கின் தெற்குச் சரிவில், பாறை விளிம்புக்கு மேலே, பனி மறுபடி தேங்கியிருப்பது இங்கிருந்து தெரிகிறது.

பத்து மணிக்குமேல் பனி இளகி கிராம்பான் அடியில் பந்து பந்தாக ஒட்டும், பல் பிடிக்காது. ஒவ்வோர் அடிக்கும் கோடரிப் பிடியால் பூட்ஸ் பக்கவாட்டைத் தட்டிவிட வேண்டும். விபத்துகள் இறக்கத்தில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 11:30-க்கு முகாம், நாலு மணிக்குக் கியான்ஜின்.

நாள் 14, மீண்டும் லாங்டாங்

இறங்கும் வழியில் பெட்டிகளைப் பார்த்தோம். முதல் பெட்டி, பிரித்துக் கட்டியது, நேராக நிற்கிறது. நான்காவதில் கல் நான்கு விரல் இறங்கி மூடி தொய்ந்திருந்தது. மேலே குவித்த அளவு போதவில்லை. மூடித் தையலை ஒரு பக்கம் பிரித்து, இடுக்குகளில் கல் செருகி, மேலே இரண்டு அடுக்கு வைத்து, மறுபடி இழுத்துத் தைத்தோம். ஒரு மணி நேர வேலை.

மிச்சக் கம்பி, குறடு, கையுறை எல்லாம் ஊர்க் குழுவிடம். அடுத்து வருபவர்களுக்கு மிஸ்திரி சொன்னது: 12 கேஜ் கம்பி இன்னும் வேண்டும், ஜியோ துணி வேண்டும், கையுறையில் சின்ன அளவு வேண்டும், ஏனென்றால் கல் வேலையில் பாதிப் பேர் தீதிகள். கூடவே இன்னொன்றும் சொன்னார். பெட்டிக்கு மேலே பாதையோரம் தண்ணீர் ஒதுக்க ஒரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும், அதை மழைக்கு முன் அவர்களே வெட்டிவிடுவார்கள். நாளைக் காலை ஆறு மணிக்குச் சியாப்ரு பேசிக்கு இறக்கம்.